ஏழு மணிக்கு வீடு, எட்டு மணிக்கு மீன் சாப்பாடு

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறோம். வீடு வந்து சேர ஏழு மணி ஆகிவிடும். மாமாவுக்குப் பிரஷரும் சுகரும் இருப்பதால் வாரத்தில் இரண்டு நாளாவது மீன் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். குழம்பு வைத்து, பொரித்து எடுப்பதற்குள் ஒன்பதரை ஆகிறது, வீடு முழுக்க வாடை வேறு. ராத்திரியில் மீன் செரிக்காது என்கிறார் அத்தை. ஆறு வயது மகளோ முள்ளைக் கண்டால் தட்டையே தள்ளிவிடுகிறாள். சீக்கிரம் முடிகிற, உடம்புக்கும் ஒத்துக்கொள்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம், பெருமாள்புரம், பாளையங்கோட்டை

பதில்: டாக்டர் சொன்னது சரிதான். வாரத்துக்கு இரண்டு வேளை மீன், அதிலும் சாளை, அயிலை மாதிரி நெய்ப்பிடிப்புள்ள மீன் நல்லது என்றுதான் அமெரிக்க இதய சங்கமும் சொல்கிறது. கூடவே ஒன்று சொல்கிறார்கள்: எண்ணெயில் பொரிக்காத மீனாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் அந்த இரண்டாம் பாதி யார் காதிலும் விழுவதில்லை.

உங்கள் நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். மீன் வேக எடுத்துக்கொள்வது பத்து நிமிடம் கூட இல்லை. அதன் சதை நார்கள் குட்டையானவை, அவற்றைப் பிணைக்கும் சவ்வும் குறைவு. அதனால் ஆட்டுக்கறிக்குத் தேவைப்படும் நேரத்தில் கால்வாசி கூட வேண்டாம். ஆய்வது, அரைப்பது, புளி கரைப்பது, குழம்பு வற்றக் காத்திருப்பது, அப்புறம் நாலு நாலு துண்டாகப் பொரிப்பது, இவைதான் ஒன்பதரை வரை இழுக்கின்றன. ஆகவே வார நாட்களில் குழம்பு, பொரிப்பு இரண்டையும் விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும் அந்த ஆடம்பரம். வார நாளுக்கு மீன் அவியல் வையுங்கள்.

அவியல் என்றதும் கல்யாணப் பந்தியில் விழும் காய்கறி அவியலை நினைக்க வேண்டாம். உவரி, இடிந்தகரை மாதிரிக் கடற்கரை ஊர்களிலும், அப்படியே தெற்கே குமரி மாவட்டத்திலும் சாளையையும் நெத்திலியையும் இப்படி வைப்பார்கள். தாளிப்பு கிடையாது, வதக்கல் கிடையாது. எல்லாம் ஒரே சட்டியில் வேகும்.

நாலு பேருக்கு அரைக் கிலோ நெத்திலி போதும். நெத்திலியை ஆய அரிவாள்மனை வேண்டாம். தலையை விரலால் கிள்ளிக் கீழ்ப்பக்கமாக இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். கல் உப்புப் போட்டு இரண்டு மூன்று தண்ணீர் அலசினால் வேலை முடிந்தது. கால் மூடித் தேங்காய்த் துருவல், ஆறேழு சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி சீரகம், கொஞ்சம் மஞ்சள்தூள், ஒன்றரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், இவற்றை மிக்சியில் ஒன்றிரண்டாக ஓட்டிக்கொள்ளுங்கள். மையாக அரைத்தால் அது குழம்பாகிவிடும். மண்சட்டியில் இந்த அரைப்பு, ஒரு முருங்கைக்காய், அரை மாங்காய்த் துண்டுகள், இரண்டு கீறின பச்சை மிளகாய், கறிவேப்பிலை, உப்பு, ஒரு தம்ளர் தண்ணீர் எல்லாவற்றையும் போட்டு மூடி அடுப்பில் வைத்துவிட்டுப் போய் முகம் கழுவி வாருங்கள். மாங்காய் இல்லாத மாதங்களில் சின்ன நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றினால் சரி.

முருங்கைக்காய் வெந்த பிறகுதான் மீன் போட வேண்டும். ரொம்பப் பேர் கெடுப்பது இந்த இடத்தில்தான்: மீன் விழுந்ததும் கரண்டியை எடுத்துவிடுவார்கள். கரண்டி வேண்டாம். துணியால் சட்டியின் விளிம்பைப் பிடித்து இரண்டு சுற்றுச் சுழற்றினால் மசாலா தானாக ஏறிக்கொள்ளும். நெத்திலிக்கு ஐந்து நிமிடம், சாளைக்கு ஏழெட்டு. சதை வெள்ளையாகி முள்ளிலிருந்து விலகினால் வெந்தது என்று அர்த்தம், அதற்கு மேல் ஒரு நிமிடம் கூட வேண்டாம். இறக்கி ஒரு தேக்கரண்டி பச்சைத் தேங்காய் எண்ணெயை மேலே சுற்றி விடுங்கள். வாடையைப் பற்றிக் கேட்டீர்களே, வீட்டில் தங்குவது பெரும்பாலும் பொரித்த எண்ணெயின் புகைதான். மூடி வைத்து, புளிப்புச் சேர்த்து வேக வைத்தால் பாதித் தொல்லை போய்விடும்.

அத்தை சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ராத்திரி ஒன்பதரைக்கு எண்ணெய் சொட்டும் நாலு துண்டும் தட்டு நிறையச் சோறும் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் யாருக்கும் நெஞ்சைக் கரிக்கும். பழி மீன் மேல் விழுகிறது, அவ்வளவுதான். எட்டு மணிக்கு இரண்டு மூன்று இட்லியோடு அவியலைக் கொடுத்துப் பாருங்கள், அத்தையே இன்னொரு கரண்டி கேட்பார். மீன் சாப்பிட்ட அன்று மோர் ஊற்றக் கூடாது, வெண்புள்ளி வரும் என்றும் அடுத்துச் சொல்லலாம். வெண்புள்ளி உடம்பின் எதிர்ப்புச் சக்தி தோலின் நிற அணுக்களையே தாக்குவதால் வருவது. மோருக்கும் மீனுக்கும் அதில் பங்கு இல்லை. ஆனால் இதை வைத்து வீட்டில் வாக்குவாதம் வேண்டாம். மோர் ஊற்றாமல் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

மகளுக்கு நெத்திலி இப்போதைக்கு வேண்டாம். பாறை அல்லது சீலாவில் நடுத்துண்டாக இரண்டு வாங்கி, மஞ்சளும் உப்பும் போட்டு எட்டு நிமிடம் வேக வைத்து, ஆறியதும் தோலையும் முள்ளையும் நீக்கி உதிர்த்துவிடுங்கள். உதிர்த்ததை உங்கள் விரலாலேயே ஒரு தடவை தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பிய முள் விரலுக்குத் தப்பாது. வெங்காயம், இஞ்சி, கொஞ்சம் மிளகு போட்டு ஒரு வதக்கு வதக்கினால் புட்டு. தோசைக்குள் வைத்துச் சுருட்டிக் கொடுத்தால் மீன் என்று கேட்காமலேயே சாப்பிடுவாள். வீட்டுக்காரருக்குப் பொரித்த மீன் இல்லாமல் முடியாது என்றால் தோசைக்கல்லில் ஒரு துண்டு வாழை இலை போட்டு, அதன் மேல் மசாலா தடவிய துண்டை வைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பக்கத்துக்கு நாலு நிமிடம் சுட்டெடுக்கலாம். ஒட்டாது, எண்ணெயும் குடிக்காது.

ஏழு மணிக்கு மேல் நல்ல மீன் தேடுவது கஷ்டம். தூத்துக்குடியிலிருந்தோ உவரிப் பக்கத்திலிருந்தோ வருகிற மீனைக் காலையிலேயே வாங்கிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாங்கும்போதே வெட்டும் இடத்தில் கூலி கொடுத்துச் சுத்தம் செய்து வாங்கி, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். தேங்காய் அரைப்பையும் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே வைக்கலாம். சமைக்கிற அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது டப்பாவை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றினால் மாலைக்குள் பனி விட்டிருக்கும். சமையல் மேடையில் நாள் முழுக்கக் கிடத்தக் கூடாது, நம் ஊர் வெயிலுக்கு அது தாங்காது. சூரை, அயிலை, சாளை மூன்றிலும் ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் என்கிற பொருள் உண்டாகும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும். அதனால் வாங்கும்போது விலைக்கு முன்னால் கண்ணையும் செவுளையும் பாருங்கள். கண் குழிந்து, செவுள் பழுப்பாக இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப் படகு மீன் வரும், விலைதான் கடிக்கும். அப்போது குளத்து மீனுக்கு மாறிக்கொள்ளலாம். விராலில் முள் குறைவு, மகளுக்கும் ஆகும். கெண்டையில் சதைக்குள்ளேயே கவட்டை முள் ஓடும் என்பதால் அது பெரியவர்களுக்கு மட்டும். சேற்று வாடை அடித்தால் புளித்தண்ணீரில் கால் மணி நேரம் ஊற வைத்துக் கழுவுங்கள்.

கடைசியாக மாமாவின் தட்டு. அவியலில் உப்பை நீங்கள் வழக்கமாகப் போடுவதில் முக்கால் அளவு போடுங்கள், மாங்காய்ப் புளிப்பில் குறை தெரியாது. அவருக்குத் தேங்காய் அரைப்பை ஒதுக்கி மீனையும் முருங்கைக்காயையும் கூடுதலாகவே வைக்கலாம். ஆனால் அவியல் வைத்த அன்றைக்கு யாராவது கருவாட்டை வறுத்து அவர் பக்கம் நகர்த்தினால், தயங்காமல் எடுத்துவிடுங்கள். அதில் இருக்கிற உப்பு அவர் பிரஷருக்கு ஆகாது.