அளவு மீறவில்லை, ரத்தம் ஏன் புளித்தது?

கேள்வி: டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருக்கிறோம். மாமியாருக்கு வயது 74. கால் எலும்பில் சீழ் பிடித்து, ஃப்ளூக்ளாக்சசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்து சாப்பிட்டு வந்தார். வலிக்கு பாரசிட்டமால், நாளுக்கு எட்டு, ஆறு வாரமாக. புரட்டாசி முடிகிற நேரத்தில் மேல்மூச்சு வாங்க ஆரம்பித்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். ரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது, பாரசிட்டமால் காரணமாக இருக்கலாம் என்று நிறுத்திவிட்டார் டாக்டர். இப்போது தேறிவிட்டார். ஆனால் அளவு மீறவே இல்லையே! அடுத்த புரட்டாசிக்கு விரதம் இருக்கலாமா என்று வேறு கேட்கிறார்.

பதில்: அளவு மீறவில்லை என்பதை இரண்டு தடவை அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். நம்புகிறேன். 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு என்றால் 4 கிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பே அதுதான். அளவுக்கு மேல் விழுங்கி ஈரல் கெடுகிற கதை இல்லை இது. சாட்ஸ்வர்த்தில் 31 வருஷம் மருந்துக்கடை கவுன்டரில் நின்றவன் நான். இப்படி ஒன்றை ஒரே தடவைதான் கேள்விப்பட்டேன்.

நீங்கள் அனுப்பிய ரத்தச் சீட்டைப் பார்ப்போம். சோடியம் 138. அதில் குளோரைடு 101, பைகார்பனேட் 11 இரண்டையும் கழித்தால் 26. வழக்கமாக இந்த மிச்சம் 12-ஐத் தாண்டாது. அப்படியென்றால் சீட்டில் பேர் வராத ஏதோ ஓர் அமிலம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. வழக்கமாகச் சந்தேகப்படும் அமிலங்களில் லாக்டேட் சரி, கீட்டோன் இல்லை. பாரசிட்டமாலும் ஃப்ளூக்ளாக்சசிலினும் சேர்ந்த இடத்தில் அடுத்த சந்தேகம் பைரோகுளூட்டாமிக் அமிலம்தான். டாக்டர் கெட்டிக்காரர்.

பாரசிட்டமாலில் ஒரு சிறு பங்கு ஈரலில் நஞ்சாக மாறும். அதை அடக்குவது குளூட்டாத்தயோன். அது புரதத்திலிருந்து கிடைக்கும் சரக்கில் உண்டாவது. உங்கள் மாமியாரோ டீயில் தோய்த்த பிஸ்கட், கொஞ்சம் கஞ்சி, அவ்வளவுதான் சாப்பிட்டார் என்கிறீர்கள். கையிருப்பு கரைந்ததும் உடம்பு அவசரமாகப் புதிதாகச் செய்யப் பார்க்கிறது. பாதியில் நின்ற சரக்கு பைரோகுளூட்டாமிக் அமிலமாகக் குவிகிறது. அதை உடைக்கும் நொதியை ஃப்ளூக்ளாக்சசிலின் முடக்குகிறது. சிறுநீரில் வெளியேறலாம் என்றால், சிறுநீரகம் தளர்ந்ததைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறியிருக்கிறது. குழாய் திறந்து கிடக்க, வடிகாலும் அடைத்த மாதிரி. அந்த மேல்மூச்சு நுரையீரல் கோளாறு இல்லை. கரியமில வாயுவை வேகவேகமாக ஊதித் தள்ளி அமிலத்தைக் குறைக்க உடம்பு பட்ட பாடு.

பெண்கள், வயதானவர்கள், சாப்பாடு குறைந்தவர்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்களிடம்தான் இது அதிகம் வருகிறது. காய்ச்சலுக்கு இரண்டு மாத்திரை போடும் உங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

அதற்காக இபுப்ரோஃபனுக்குத் தாவாதீர்கள். இந்தச் சிறுநீரகத்துக்கு அது ஆகாது. கோடீன் என்ற வலி மருந்தோடு சேர்ந்த இபுப்ரோஃபன் மாத்திரையை மாதக்கணக்கில் கூடுதலாகப் போட்டு, பொட்டாசியம் இறங்கி, கைகால் துவண்டு, சிலருக்கு ரத்தத்தில் அமிலம் ஏறியதும் உண்டு. சமையலறை இழுப்பறையையும் ஒரு தடவை கொட்டிப் பாருங்கள். சளிக்குக் கலக்கிக் குடிக்கும் பொடி, கோடீன் மாத்திரை, தலைவலிப் பவுடர் பலவற்றில் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும். பவுடரில் ஆஸ்பிரினும் சேர்ந்திருக்கலாம். காலையில் அந்தப் பவுடரை வாயில் தட்டிக்கொண்டு டீ குடிக்கும் ஒரு தாத்தா என்னிடம் வருவார். காதில் வண்டு ரீங்கரிக்கிறது என்றார் ஒரு நாள். நாளுக்கு எத்தனை என்று கேட்டேன். எண்ணியதில்லையாம். ஆஸ்பிரின் மிஞ்சினால் முதலில் காதில்தான் தெரியும்.

எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். வலிக்கு அவர் வேறு வழி சொல்லட்டும். இந்த இரண்டு மருந்தும் சேர்ந்து என்ன செய்தன என்பதை மாமியாரின் கிளினிக் அட்டையில் எழுதி வாங்குங்கள். அடுத்த தடவை வேறு டாக்டராக இருக்கலாம்.

புரட்டாசியா? நம் வீடுகளில் கறி மீன்தானே விடுகிறோம், பருப்பை யார் விடச் சொன்னது? சிறுநீரகத்தைப் பார்த்து எவ்வளவு புரதம் என்று டாக்டர் சொல்வார். அந்த அளவுக்குப் பருப்பும் மோரும் இருக்கட்டும். வெறும் டீயும் பிஸ்கட்டும் விரதக் கணக்கில் வராது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.