தம்பி தானாகவே வேப்பை விடணும் என்கிறான், நம்பலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறோம். தம்பிக்கு 20 வயது. இரண்டு வருடமாக வேப் (மின்சிகரெட்) இழுக்கிறான். வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் எவ்வளவோ கெஞ்சியும் கேட்காதவன், போன வாரம் தானாக வந்து "அக்கா, இதை விடணும்" என்றான். திடீரென்று ஏன்? நம்பலாமா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நம்புங்கள். உங்களுக்குத்தான் இது திடீர்; அவன் பல மாதமாக மனதுக்குள் போட்டு உழப்பிக்கொண்டிருந்திருப்பான்.

என்னிடம் வரும் பிள்ளைகளில் நுரையீரல் படத்தைப் பார்த்துப் பயந்து வந்தவர்கள் குறைவு. இருபது வயதில் புற்றுநோய் என்பது தாத்தாக்களுக்கு வருகிற சமாச்சாரம். அவர்களை அசைப்பது வேறு. தோழியோடு படத்துக்குப் போன ஒருவன், படம் முடிவதற்குள் மூன்று தடவை கழிப்பறைக்கு எழுந்து போயிருக்கிறான். "மூணாவது தடவை கதவைச் சாத்தினப்போ எனக்கே அசிங்கமா இருந்தது டாக்டர்" என்றான். இன்னொருவனுக்குத் தூக்கத்திலேயே கை தலையணைக்கு அடியில் துழாவுகிறதாம். பந்து விளையாடும்போது மூச்சு வாங்குவது, மாதக் கடைசியில் பர்ஸ் காலியாவது எல்லாம் அப்புறம்தான்.

சிகரெட் ஒரு கட்டத்தில் எரிந்து தீர்ந்துவிடும். வேப்புக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. இப்போது கிடைப்பவற்றில் பெரும்பாலும் நிக்கோட்டின் உப்புதான். அமிலம் சேர்ப்பதால் தொண்டை கமறாது, எவ்வளவு உள்ளே போகிறது என்று இழுப்பவனுக்கே தெரியாது. ரத்தத்தில் அது சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். உடம்பு மறுபடி கேட்கும். "இழுத்தா ரிலாக்ஸா இருக்கு" என்கிறார்களே, அதில் பெரும்பகுதி முந்தைய இழுப்பின் வேகம் இறங்கியதால் வந்த பதற்றம் அடங்குவதுதான். இது புரிகிற நாளில்தான் பலர் விட நினைக்கிறார்கள்.

அதனால் "எது உன்னை யோசிக்க வச்சது?" என்று கேளுங்கள். அவன் சொல்வது உங்களுக்கு அற்பமாகத் தோன்றினாலும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். "நான் அப்பவே சொன்னேன்ல" மட்டும் வேண்டாம்.

மாட்டிக்கொள்வோமோ என்ற பயமும் அவனுக்கு இருக்கும். வேப்போடு சிக்கினால் 18 வயது நிரம்பியவர்களுக்கு முதல் தடவைக்கே 700 சிங்கப்பூர் வெள்ளி அபராதம் என்று 2025 செப்டம்பரில் ஆனது. ஆனால் தானாக முன்வந்து உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை இல்லை. இந்தப் பழக்கத்தை விட உதவும் 1800 438 2000 என்ற எண்ணில் அவனே பேசட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

ஒன்றை மட்டும் நேராகக் கேட்டுவிடுங்கள்: அவன் இழுப்பது 'கேபாட்' (Kpod) என்கிற வகை வேப்பா? அதில் இருப்பது எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து. அப்படியென்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம், தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

வெறும் நிக்கோட்டின் என்றால், காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் இழுப்பு என்று பாருங்கள். அரை மணிக்குள் என்றால் பிடி பலமாக இருக்கிறது. தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையோ நிக்கோட்டின் சூயிங்கமோ தேவையா என்று மருத்துவர் சொல்வார். முதல் மூன்று நாள் எரிந்து விழுவான், தூக்கம் கெடும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் அடங்கும். தேர்வு வாரத்தில் தொடங்க வேண்டாம். சிகரெட்டுக்கு மாறுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சறுக்கலுக்கும் தயாராக இருங்கள். அமெரிக்காவில் 18 முதல் 24 வயதுக்காரர்களுக்குக் குறுஞ்செய்தி வழியாகத் துணை நின்று பார்த்த ஓர் ஆய்வு 2021-ல் வெளியானது. ஏழு மாதம் கழித்து, செய்தி பெற்றவர்களில் 24.1 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள், பெறாதவர்களில் 18.6. போனில் வரும் நாலு வரிக்கே இவ்வளவு பலன் என்பது எனக்கு நல்ல சேதி. ஆனாலும் நாலில் மூன்று பேரால் அந்தச் சுற்றில் முடியவில்லை, பாருங்கள். தம்பி "மறுபடி இழுத்துட்டேன்" என்று வந்து நின்றால் எப்போது, எங்கே, யாரோடு என்று மட்டும் கேளுங்கள். அந்த இடத்தையும் அந்த நேரத்தையும் ஒதுக்கிவிட்டு அடுத்த தேதியைக் குறிக்கலாம்.