ஐந்து டாலர் தாளில் இருக்கும் வழக்கறிஞர்

சென்ற வாரம் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியிலிருந்து ஒரு தாயும் தகப்பனும் மகனின் படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார்கள். மகன் செஜெப் இரண்டாம் ஆண்டு, அதாவது கியூபெக்கில் பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலுள்ள கல்லூரி. பல்கலைக்கழகங்கள் இடம் கொடுக்கப் பார்க்கும் அவனுடைய ஆர்-ஸ்கோர் புள்ளித் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருந்தார் தாய். இங்கே மருத்துவம் படிக்க அந்தப் புள்ளி போதாது. கரீபியன் தீவு ஒன்றில் இடம் எடுத்துத் தருவதாக ரொறன்ரோவிலிருக்கும் தாய்மாமன் சொல்கிறாராம். அதற்கு வீட்டின் மேல் இரண்டாவது கடன் எடுக்க வேண்டும். பையனோ சட்டம் படித்து, பத்திரிகையிலும் எழுத ஆசைப்படுகிறான். வீட்டு வாடகை உயர்வு பற்றிக் கல்லூரிப் பத்திரிகையில் அவன் எழுதிய கட்டுரையைத் தகப்பன் இன்னும் படிக்கவில்லை.

"எழுதுகிறவன் எப்படி ஐயா பிழைப்பான்?" என்று கேட்டார்.

பயப்படாதீர்கள் என்று சொன்னேன். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கடனை எடுக்காதீர்கள். வெளிநாட்டில் மருத்துவம் முடித்தவர் இங்கே தேர்வுகளை எழுதித் தேற வேண்டும், பிறகு மருத்துவமனைப் பயிற்சி இடத்துக்குப் போட்டியிட வேண்டும். அந்த இடங்கள் மிகக் குறைவு. கிடைக்காவிட்டால் கடன்தான் மிஞ்சும். மாதத் தவணையைக் கட்டப்போவது தாய்மாமன் அல்ல, நீங்கள்.

மேசைமேல் நீல நிற ஐந்து டாலர் தாள் ஒன்றை வைத்தேன். அதில் இருப்பவர் வில்ஃப்ரிட் லோரியே. கனடாவின் பிரதமராக எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளைத்தான் உங்கள் மகனுக்காகச் சொல்கிறேன்.

1841இல் சேன்-லேன் கிராமத்தில் பிறந்தவர். தகப்பனார் நில அளவையாளர், பெரிய சொத்து இல்லை. ஆனால் ஒரு காரியம் செய்தார். பதினொரு வயது மகனைப் பக்கத்திலிருந்த நியூ கிளாஸ்கோவுக்கு அனுப்பி, ஸ்கொட்லாந்துக்காரர்கள் நடுவில் ஆங்கிலம் பழக வைத்தார். 1861இல் மகன் மொன்றியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் சேர்ந்தார். படிக்கும்போதே ரொடோல்ஃப் லாஃப்ளாம் என்ற வழக்கறிஞரின் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். 1864இல் வழக்கறிஞரானார். மொன்றியலில் தொழில் சரியாக அமையவில்லை, நெஞ்சுச் சளியும் இருமலும் வேறு. 1866 நவம்பரில், இருபத்தைந்து வயதில், 'லெ டெஃப்ரிஷர்' என்ற சிறுபத்திரிகையை நடத்தக் கிராமப்புறம் போனார். காடு வெட்டி நிலம் திருத்துகிறவன் என்பது அந்தப் பெயரின் பொருள். மாகாணங்கள் ஒரே நாடாக இணையும் கனடாக் கூட்டமைப்பை எதிர்த்து எழுதினார். பாதிரிமார் பகைத்தார்கள், பணமும் இல்லை. 1867 மார்ச்சில் பத்திரிகை நின்றது.

தகப்பனாரே, உங்கள் பயம் இந்த இடத்தில் நியாயமானதுதான். எழுத்தை மட்டும் நம்பி இறங்கச் சொல்லி நான் எந்தப் பிள்ளையையும் அனுப்ப மாட்டேன். ஆனால் லோரியே பட்டினி கிடக்கவில்லை, கையில் சட்டம் இருந்தது. ஆர்த்தபாஸ்கா என்ற சிற்றூரில் அலுவலகம் திறந்தார். அது நீதிமன்றம் இருந்த ஊர். சுற்றுவட்டாரத்து மக்களின் வழக்குகளோடு வளர்ந்தார். 1868இல் திருமணம், 1871இல் மாகாணச் சட்டமன்றம், 1874இல் ஒட்டாவா நாடாளுமன்றம். 1877இல் அமைச்சரான உடனே சொந்தத் தொகுதியிலேயே தோற்றுப் போனார். சில வாரங்களில் வேறு தொகுதியில் வென்று திரும்பினார். 1887இல் லிபரல் கட்சித் தலைவர், 1896இல் பிரதமர், தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள். அரசியலில் எந்தக் கதவு மூடினாலும் திரும்பிப் போய் உட்கார அவருக்கு ஒரு வழக்கறிஞர் நாற்காலி இருந்தது.

உங்கள் மகனுக்கும் அந்த நாற்காலி எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஒன்ராறியோவில் பெரும்பாலும் ஒரு பட்டம் முடித்துத்தான் சட்டம் சேர முடியும். கியூபெக்கில் செஜெப் முடித்த கையோடு சேரலாம், மொன்றியல் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுப் படிப்பு. கியூபெக் மாணவருக்கான குறைந்த கட்டணம், வீட்டுச் சாப்பாடு. பிறகு வழக்கறிஞர் சங்கப் பள்ளி, அதன்பின் ஆறு மாதப் பயிற்சி. வாதாட விருப்பம் குறைந்தால் அதே பட்டத்தின் மேல் நொத்தாரிஸ் படிப்பும் உண்டு. வீடு விற்பதும் வாங்குவதும் மரண சாசனமும் இங்கே பெரும்பாலும் அவர்கள் கையில்தான். இந்த வழியை நம்மவர்கள் ஏனோ கேட்பதே இல்லை.

கியூபெக்கின் பிரெஞ்சு மொழிச் சட்டமான 101ஆம் சட்டத்தால் பிள்ளையைப் பிரெஞ்சுப் பள்ளியில் போட வேண்டியதாயிற்று என்று நீங்கள் வருந்தினீர்கள். லோரியேயின் தகப்பனார் மகனை வேற்றூருக்கு அனுப்பித் தேடிய இரண்டாவது மொழி உங்கள் பிள்ளைக்கு ஊரிலேயே கிடைத்திருக்கிறது. பிரெஞ்சும் ஆங்கிலமும் தமிழும் தெரிந்த வழக்கறிஞரைத் தேடி வருகிறவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

அடுத்த முறை மகனைத் தனியாக அனுப்புங்கள், மாமன் வேண்டாம். அதற்கு முன் ஒரு நாள் அவனை நீதிமன்றத்துக்குப் போய், பார்வையாளர் இருக்கையில் காலை முழுவதும் உட்கார்ந்துவிட்டு வரச் சொல்லுங்கள். நீங்கள் அந்த வாடகைக் கட்டுரையைப் படியுங்கள். கடன் பத்திரம் கையெழுத்தில்லாமல் அப்படியே இருக்கட்டும்.