நம்ம ஊர் சுகாதாரத் திட்டத்தை யார் போடுகிறார்கள்? சேலம், ஏற்காடு கேள்விகளும் பதில்களும்

சேலம் மாவட்டத்தில் சுகாதார மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மலையிலும் வேலை பார்த்திருக்கிறேன், கீழேயும் பார்த்திருக்கிறேன். எந்த ஊருக்கு எத்தனை செவிலியர், எவ்வளவு மருந்து என்பதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள் என்று பலரும் கேட்டதில் சிலவற்றுக்குப் பதில் இது.

கேள்வி (ஏற்காடு மலை, வெள்ளக்கடை பக்கம்): ஐயா, எங்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம் கேட்டால் 'ஜனத்தொகை பத்தாது' என்கிறார்கள். இதற்கு மேல் என்ன செய்வது?

பதில்: சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் 30,000, மலையில் 20,000. இந்தக் கணக்கு தலையை எண்ணுகிறது, ஏற்ற இறக்கத்தை எண்ணுவதில்லை. சேர்வராயன் மலையில் ஊர்கள் சிதறிக் கிடப்பதால் இதில் எப்போதும் நமக்குத்தான் இழப்பு.

ஆனால் மலைப்பகுதிக்கு நடை நேரத்தையும் பார்க்கலாம், அரை மணி நடைக்குள் துணை நிலையம் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதலிலேயே இடம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு முழுத் தாளில் கட்டம் போட்டு ஊர் ஊராக எழுதுங்கள்: எத்தனை வீடு, எத்தனை கர்ப்பிணி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு, நிறைமாதக்காரி நடந்து போய்ச் சேர எவ்வளவு நேரம். கடைசிக் கட்டத்தில் வாலிபப் பையன் ஓடி இறங்கும் நேரத்தை எழுதிவிடாதீர்கள். எண்ணிக்கையில் பெரும்பகுதி கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டிலேயே இருக்கும், அவரோடு உட்கார்ந்து எழுதினால் ஒரு மாலையில் முடிந்துவிடும். 'ஆவன செய்ய வேண்டுகிறோம்' என்று முடியும் நூறு மனுக்களைவிட இந்த ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி (அம்மாப்பேட்டை): யாரிடம் போய்க் கேட்பது அண்ணா? ஒவ்வொரு ஆபீசிலும் 'இது எங்களுடையது இல்லை' என்கிறார்கள்.

பதில்: அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான் தம்பி, அதுதான் சங்கடம். ஊராட்சிப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் மாவட்ட சுகாதார அலுவலர் கையில். மேட்டூர், ஆத்தூர், ஏற்காடு மாதிரி அரசு மருத்துவமனைகள் நலப்பணிகள் இணை இயக்குநரிடம். மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை டீனிடம். உங்கள் வார்டு நகர்ப்புற நிலையம் மாநகராட்சியின் மாநகர நல அலுவலரிடம். எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைக்கக்கூடியவர் கலெக்டர், மாவட்ட நலவாழ்வுச் சங்கத்தின் தலைவர் அவர்தான். ஒரு அலுவலகத்தில் அடங்காத விஷயத்தை நேரே அங்கே கொண்டுபோங்கள்.

கேள்வி (ஓமலூர்): என் அம்மாவுக்கு ஒரு மாதத்துக்குத் தர வேண்டிய சர்க்கரை மாத்திரையைப் பதினைந்து நாளைக்குத்தான் தருகிறார்கள். மருந்து இல்லாமலா இருக்கும்?

பதில்: இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்குகிறது. தரம் சோதித்த பிறகுதான் மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து வெளியே போகும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரியே ஒன்று உண்டு. வருடத்துக்கு இவ்வளவு தொகை என்று அதில் வரவு இருக்கும், மருந்தாளுநர் மருந்து எடுக்க எடுக்கக் கழியும். நல்ல ஏற்பாடு இது, நாட்டில் பல மாநிலங்கள் வந்து பார்த்துப் போனது.

கோளாறு வேறு இடத்தில். அடுத்த வருடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதைப் பெரும்பாலும் போன வருடம் செலவானதை வைத்தே எழுதுகிறார்கள். மருந்து தீர்ந்து பாதி வாங்கிப் போனவர், வெறுங்கையோடு திரும்பியவர், அலுத்துப்போய் மெடிக்கலில் காசு கொடுத்து வாங்கியவர் யாரும் அந்தக் கணக்கில் வருவதில்லை. செலவு குறைவாகத் தெரிகிறது, தேவையும் குறைவு என்று ஆகிவிடுகிறது. மறு வருடமும் அதே பற்றாக்குறை. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு வீட்டிலேயே மாத்திரை வாங்குவோர் கூடியிருக்கிறார்கள், பழைய செலவுக் கணக்கு அவர்களுக்கு எப்படிப் போதும்?

மருந்து குறைவாகத் தந்தால் எத்தனை நாளைக்கு எழுதினார்கள், எத்தனை நாளைக்குக் கிடைத்தது என்று இரண்டையும் நோயாளியின் நோட்டில் குறித்துத் தரச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், மருந்தாளுநர் மேல் தப்பும் இல்லை. இருபது பேர் நோட்டைச் சேர்த்து வட்டார மருத்துவ அலுவலரிடம் காட்டினால் அடுத்த தேவைப்பட்டியலுக்கு அதுவே ஆதாரம். அவசரத்துக்கு வெளியில் வாங்கிக்கொள்ளவும் மருந்து நிதியில் ஒரு சிறு பங்கு உண்டு, அதையும் கேளுங்கள்.

கேள்வி (சிவதாபுரம்): கொலுசுப் பட்டறையில் வேலை. ஆசிட் புகையில் இருமல் நிற்பதே இல்லை. முகாம் போடுவது காலை பத்து மணிக்கு, அந்த நேரத்தில் எழுந்து போனால் அன்றைய கூலி போச்சு.

பதில்: அம்மா, நீங்கள் சொல்வதுதான் திட்டம் போடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது. முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று அறிக்கை போகிறது, வர முடியாதவர் எத்தனை பேர் என்று போவதில்லை. 2024-இல் தொடங்கிய தொழிலாளரைத் தேடி மருத்துவம் பெரிய ஆலைகளோடு நின்றுவிடாமல் பட்டறைத் தெருவுக்கும் வர வேண்டும், அதுவும் சாயங்காலம். பட்டறைக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்தோடு மாநகர நல அலுவலருக்கு எழுதுங்கள், கவுன்சிலர் மூலமும் கொடுங்கள். புறநோயாளி சீட்டில் தொழிலையும் எழுதச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் ஊரே இருமினாலும் காரணம் யாருக்கும் தெரியாது. இருமல் இரண்டு வாரம் தாண்டியிருந்தால் முகாமுக்காகக் காத்திருக்காமல் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கேள்வி: கிராம சபைத் தீர்மானத்தால் பயன் உண்டா?

பதில்: உண்டு, நேரம் பார்த்துப் போட்டால். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான திட்டத்தை அதற்குப் பல மாதம் முன்பே எழுத ஆரம்பித்துவிடுவார்கள். அக்டோபர் 2, நவம்பர் 1 கூட்டங்களில் போட்ட தீர்மானம் அந்த நேரத்துக்குப் போய்ச் சேரும். மே தினத்தில் போட்டால் அந்த வருடத்துக்குப் பிந்திவிட்டது என்று அர்த்தம்.

கேள்வி (ஏற்காடு): 108 சேவை 2008 முதலே ஒப்பந்தத்தில்தான் ஓடுகிறது. ஒப்பந்தம் போடும்போது எங்களை மாதிரி ஊருக்கு என்ன கேட்க வேண்டும்?

பதில்: மாவட்டச் சராசரியை ஏற்காதீர்கள். சேலம் நகரத்து ஐந்து ரோட்டில் சில நிமிடத்தில் வரும் வண்டியையும், இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி வரும் வண்டியையும் கூட்டி வகுத்தால் மலைக்காரன் காத்திருந்த நேரம் காணாமல் போய்விடும். மலைக்குத் தனிக் கணக்கு, இரவுக்குத் தனிக் கணக்கு என்று கேளுங்கள். பாதை அடைபட்டால் என்ன ஏற்பாடு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதை சரிந்ததைப் பார்த்தோமே. மாற்றுப் பாதையான குப்பனூர் வழியும் அடைபட்டால் வண்டி கீழேயே நிற்கும், அதனால் மழைக்காலத்தில் ஒரு வண்டியாவது மேலேயே நிற்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிரசவத் தேதி உள்ள பெண்களின் பட்டியலைச் செப்டம்பரிலேயே எடுத்துவிடலாம், பிக்மி எண் (கர்ப்பிணிகள் பதிவு எண்) வாங்கிய எல்லாரும் அதில் இருப்பார்கள். மழை வலுக்கும் முன்பே அவர்களையும் துணைக்கு ஒருவரையும் பிரசவ காத்திருப்பு அறைக்கு அழைத்து வந்துவிட வேண்டும். துணைக்கு வருபவருக்கும் சாப்பாடு உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டுச் சொல்லுங்கள். அது தெரியாமல் பல வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.