தொடங்க மறுக்கும் கணினி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2013ஆம் ஆண்டு உதிரிப் பாகங்களாக வாங்கிப் பொருத்திய மேசைக் கணினி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கிவிட்டுத் திரும்பி வந்து அதை இயக்கியபோது, கறுப்புத் திரையில் எஃப்1 விசையை அழுத்தச் சொல்லி ஓர் ஆங்கில வரி வந்தது. அழுத்தினேன். விண்டோஸ் சின்னம் தோன்றி, உடனே நீலத் திரை வந்து, 'இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்' என்று காட்டிவிட்டுத் தானாகவே அணைந்து மறுபடி தொடங்குகிறது. விண்டோஸ் கெட்டுவிட்டது, ஃபார்மட் செய்தால்தான் சரியாகும் என்கிறார் கடைக்காரர். என் கணவர் இருந்த காலத்துப் படங்கள் எல்லாம் அதில்தான் உள்ளன. வேறு வழி உண்டா?
— ஓய்வு பெற்ற ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: உண்டு, அம்மா. ஃபார்மட் செய்ய இப்போதைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் நீலத் திரையைவிட முக்கியமான செய்திகள் இரண்டு இருக்கின்றன: கணினி இரண்டு மாதம் அணைந்து கிடந்தது என்பது ஒன்று, முதலில் வந்தது எஃப்1 வரி என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மதர்போர்டில் (கணினியின் முதன்மைச் சுற்றுப் பலகையில்) உள்ள சிறிய பேட்டரி தீர்ந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால், மதர்போர்டில் நாணயம் போன்ற ஒரு வெள்ளி நிறப் பேட்டரி தெரியும். அதன் மேல் சி.ஆர்.2032 என்று பொறித்திருக்கும். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன் என்பதையே அந்த எண் குறிக்கிறது. அது தரும் 3 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுதான் கணினியின் கடிகாரம் ஓடுகிறது. நம் கணினி போன்ற பழைய போர்டுகளில், பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருளில்) நாம் செய்துவைத்த அமைப்புகளும் அதே மின்சாரத்தால்தான் நினைவில் நிற்கின்றன. சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். எனும் மின்வழங்கிப் பெட்டி வழியாகச் சிறிதளவு மின்சாரம் போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும். பேட்டரிக்கு வேலை குறைவு. ஊருக்குப் போகும்போது நீங்கள் பொறுப்பாக சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருப்பீர்கள். ஏற்கெனவே தளர்ந்திருந்த பழைய பேட்டரி, அந்த இரண்டு மாதமும் தனியாகச் சுமந்து தீர்ந்துபோயிருக்கும். எஃப்1 வரி வந்த நேரத்தில் தேதியைப் பார்த்திருந்தால், அது பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருப்பதைக் கண்டிருப்பீர்கள்.

இனி நீலத் திரைக்கு வருவோம். ஹார்ட் டிஸ்குடன் பேசுவதற்கு அக்காலப் போர்டுகளில் ஐ.டி.இ., ஏ.ஹெச்.சி.ஐ. என்று இரண்டு முறைகள் உண்டு. விண்டோஸை நிறுவியவர் ஏ.ஹெச்.சி.ஐ. முறையைத் தேர்ந்து நிறுவியிருப்பார். பேட்டரி தீர்ந்ததும் போர்டு தன் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிவிடுகிறது; அப்போதைய பல போர்டுகளில் அந்த அமைப்பு ஐ.டி.இ. ஆகத்தான் இருந்தது. விண்டோஸ் தொடங்குகிறது, தான் அறிந்த முறையில் டிஸ்கைத் தேடுகிறது, கிடைக்கவில்லை என்றதும் 'டிஸ்கை அணுக முடியவில்லை' என்று நீலத் திரையில் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. விண்டோஸும் கெடவில்லை, உங்கள் படங்களும் கெடவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். மின் கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, கணினியின் பவர் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து, மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினெட்டின் வர்ணம் பூசாத உலோகப் பகுதி ஒன்றைத் தொட்டுவிட்டு, பேட்டரியின் ஓரத்தில் உள்ள சிறு கொக்கியை நகத்தால் மெல்லத் தள்ளினால் பேட்டரி தானாகவே எழும்பும். புதியதை, கூட்டல் குறி மேலே தெரியும்படி வைத்து அழுத்துங்கள். கடிகாரக் கடையிலேயே இந்தப் பேட்டரி குறைந்த விலைக்குக் கிடைக்கும். பிறகு கணினியை இயக்கியதும் டெலிட் விசையையோ எஃப்2 விசையையோ விட்டுவிட்டுத் தட்டினால் பயாஸ் திறக்கும். எதையும் மாற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தேதியைச் சரிசெய்து, 'சாட்டா மோட்' என்ற இடத்தில் ஐ.டி.இ. என்றிருந்தால் ஏ.ஹெச்.சி.ஐ. என்று மாற்றி, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். ஒரு முறை மாற்றியும் அதே நீலத் திரை வந்தால் பழையபடி வைத்துவிடலாம். இந்த மாற்றத்தால் கோப்புகள் எதுவும் அழியாது.

ஃபார்மட் வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நிலையிலேயே ஃபார்மட் செய்து விண்டோஸை நிறுவினால், அது ஐ.டி.இ. முறையிலேயே நிறுவப்பட்டு ஒழுங்காக ஓடும். 'பார்த்தீர்களா, ஃபார்மட் செய்ததும் சரியாகிவிட்டது' என்று கடைக்காரரும் உண்மையாகவே நம்புவார். டெஸ்க்டாப்பிலும் 'பிக்சர்ஸ்' உறையிலும் இருந்த படங்கள் சி டிரைவோடு போயிருக்கும். தீர்ந்துபோன பேட்டரியோ அங்கேயே இருக்கும். என் மாமா வீட்டுக் கணினிக்கு இதுதான் நேர்ந்தது. அத்தை பாடிப் பதிவுசெய்த தாலாட்டுகள் அதில் இருந்தன. வேறு எங்கும் பிரதி இல்லை. அத்தை காலமான பிறகுதான் அவை போய்விட்டதையே நாங்கள் அறிந்தோம். அதனால், கணினி இயங்கத் தொடங்கியதும் வேறு எந்த வேலைக்கும் முன்னால், கணவரின் படங்களை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கிலும், மகளின் கணினியிலும் என இரண்டு இடங்களில் பிரதி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பவர் பொத்தானை அழுத்தினால் மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் எதுவும் வருவதில்லை. உள்ளே 'பீப்' என்று நீண்ட ஒலி விட்டுவிட்டுக் கேட்கிறது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இப்படி.
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஒலி வராதிருந்தால் மானிட்டர் கம்பியிலிருந்து தொடங்கச் சொல்லியிருப்பேன். விசைப்பலகையின் 'நம் லாக்' (Num Lock) விசையை அழுத்தும்போது அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி ஓடுகிறது, குறை திரைப் பக்கம் என்று அப்போது முடிவு செய்யலாம். நீண்ட பீப் ஒலி விட்டுவிட்டு வருவது பெரும்பாலும் ராம் (தற்காலிக நினைவக அட்டை) பற்றிய முறையீடு. ஈரப்பதத்தால் ராம் அட்டையின் தங்கப் பூச்சுக் கால்களில் மெல்லிய அழுக்குப் படிந்து தொடர்பு விட்டுப்போகிறது. மின் கம்பியைக் கழற்றிவிட்டு, இருபுறக் கொக்கிகளையும் விலக்கி ராமை எடுத்து, அதன் கால்களைப் பென்சில் ரப்பரால் மென்மையாகத் தேய்த்து, துகள்களை உலர்ந்த துணியால் துடைத்து, 'கிளிக்' என்று கேட்கும்வரை மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போடும்போது ஒலி வருகிறதோ அதுதான் பழுது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்; மின் கம்பியைக் கழற்றிய பிறகும் அதன் கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கேள்வி: விண்டோஸ் 10 உள்ள கணினி தொடங்குவதற்கு இருபது நிமிடம் ஆகிறது. சில நாட்களில் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேபினெட்டுக்குள் 'டக், டக்' என்ற ஒலியும் வருகிறது. என் ஆய்வேடு முழுவதும் அதில் உள்ளது. யூடியூபில் ஒருவர், டிஸ்கைச் சோதித்துத் திருத்தும் செக்டிஸ்க் கட்டளையை இயக்கச் சொல்கிறார். நண்பர் ஒருவர் டிஸ்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் சரியாகும் என்கிறார்.
— ஆய்வு மாணவி, திருச்சி

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். அந்த ஒலி, ஹார்ட் டிஸ்கின் படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வதால் எழுவது. செக்டிஸ்க், பழுதான டிஸ்கை மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துப் படிக்க வைப்பதோடு, கோப்பு அமைப்பையும் மாற்றி எழுதும். எஞ்சியிருக்கும் உயிரை அது குடித்துவிடலாம். குளிரில் வைத்தெடுத்தால் உள்ளே ஈரம் படியும். கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் டிஸ்கின் ஆயுள் குறைகிறது என்று கொண்டு, முதலில் ஆய்வேட்டை வெளியே எடுக்க வேண்டும்.

வேறொரு கணினியில், விண்டோஸ் போன்ற இலவச இயங்குதளமான உபுண்டுவை இறக்கி, ரூஃபஸ் மென்பொருளால் 8 ஜி.பி. அல்லது அதைவிடப் பெரிய பென் டிரைவில் ஏற்றுங்கள். பென் டிரைவில் இருப்பவை அழிந்துவிடும் என்பதால் காலியானதையே எடுங்கள். அந்தப் பென் டிரைவிலிருந்து உங்கள் கணினியைத் தொடங்கி, 'டிரை உபுண்டு' என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். 'இன்ஸ்டால்' பக்கம் போகவே வேண்டாம். விண்டோஸ் இயங்காமலேயே உங்கள் டிரைவ் அங்கே திறக்கும். டிரைவ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டால் அது பிட்லாக்கர் எனும் விண்டோஸின் டிஸ்க் பூட்டு. அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். முழு உறையையும் ஒரேயடியாக இழுக்காமல் ஆய்வேட்டின் கடைசி வடிவம், தரவுக் கோப்புகள், பிறகு மற்றவை என்ற வரிசையில் வெளி டிஸ்குக்குப் பிரதி எடுங்கள். ஒரு கோப்பில் நின்றுவிட்டால் அதை விட்டு அடுத்ததற்குப் போங்கள்.

உபுண்டுவிலும் டிரைவ் தெரியவில்லை என்றாலோ, ஒலி மட்டும் தொடர்ந்தாலோ, உடனே அணைத்துவிட்டுத் தூசியற்ற அறை வசதியுள்ள தரவு மீட்பு நிலையத்தை நாடுங்கள். செலவு கணிசமாக ஆகும். டிஸ்கை யாரும் இடையில் திறந்து பார்க்காதிருந்தால் கோப்புகள் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கோப்புகள் கைக்கு வந்த பிறகு அந்த ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக ஓர் எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகங்கள் இல்லாத சேமிப்புக் கருவி) போட்டுவிடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், புதிதாக நிறுவும்போது உங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்காவிட்டால், அதே பென் டிரைவில் உள்ள உபுண்டுவையே நிறுவி ஆய்வேட்டை முடிக்கலாம்.