கொடுவா மீன் ஏன் நீரோட்டம் உள்ள நேரத்தில்தான் தூண்டிலில் படுகிறது?

கொடுவா என்பது கடலும் ஆறும் கலக்கும் கழிமுகத்தில் வாழும் வேட்டை மீன். திருகோணமலையில் கிண்ணியாப் பக்கம், கொட்டியாரக் குடாவில் ஆறு விழும் இடங்கள், கண்டல் ஓரங்கள் எல்லாம் அதற்குப் பிடித்தவை.

அது இரையைத் துரத்தி அலையாது. பாலத் தூணுக்கோ கண்டல் வேருக்கோ பின்னால், ஓட்டம் தணிந்த இடத்தில் பதுங்கிக் கிடக்கும். கடல் வற்றும்போது வெளியே ஓடும் நீர் இறாலையும் குஞ்சு மீனையும் இழுத்து வரும்போது வாயை அகலத் திறக்கும். இரை தண்ணீரோடு உள்ளே போய்விடும். பஸ்ஸில் சீட்டை விட்டு எழும்பாதவரிடம் கச்சான்காரர் தானே வருவது போலத்தான். ஓட்டம் நின்றால் வியாபாரமும் நின்றுவிடும்.

சரி, எங்கே போடுவது? தூணின் மேல் அல்ல. உயிர் இறாலை ஓட்டம் வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளி விட்டு, ஓட்டமே அதைத் தூணருகே கொண்டு போகட்டும். விடியலும் அந்தியும் நல்ல நேரம். மீன் பட்டதும் தங்கூசியை, அதாவது தூண்டில் நூலை, தளர விடாதீர்கள், வேருக்குள் ஓடிச் சிக்க வைத்துவிடும். கண்டல் சேற்றில் வெறுங்காலோடு இறங்குவது வீரமில்லை, செருப்பாவது போடுங்கள்.

தங்கூசி அறுந்தால் பலர் கொடுவாவின் பல்லைத்தான் குறை சொல்வார்கள். அதன் பற்கள் மிகப் பொடியானவை. அறுப்பது பெரும்பாலும் செவுள் மூடியின் கூரிய ஓரம், கையையும் அதுதான் கிழிக்கும்.