ஊரின் எல்லைக்கு வெளியே வரவிருக்கும் மனைப்பிரிவுக்குக் குடிநீர்க் குழாயையும் பாதாளச் சாக்கடையையும் நீட்டிப்பது சரியாக வருமா?

ஊரின் கடைசிக் குழாயிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி, வயல்களுக்கு நடுவே 300 வீடுகளுக்கான மனைப்பிரிவு ஒன்று திட்டமிடப்பட்டிருப்பதாகவும், ஊரின் குழாய்களை அதுவரை நீட்டிப்பதா அல்லது மனைக்கு மனை ஆழ்துளைக் கிணறும் செப்டிக் டேங்கும் அமைத்துக்கொள்ளச் சொல்வதா என்பதில் கருத்து வேறுபாடு நிலவுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குழாய்த் தடங்களை வடிவமைப்பதே என் தொழிலாக இருந்தது என்பதால், அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

குழாய் அங்கே எட்டுமா என்று கேட்டால், பணம் இருந்தால் எங்கும் எட்டும். 300 வீடுகளுக்கென்று போட்ட குழாயில் முதல் 20 வீடுகள் மட்டும் குடியேறியிருக்கும் ஆண்டுகளில் என்ன நடக்கும் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் கடைசி வீடும் நிரம்பிய நாளைக் கணக்கில் கொண்டு எழுதப்படுகின்றன. அந்த நாள் வருவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். வராமலே போனதையும் பார்த்திருக்கிறேன்.

குடிநீரை எடுத்துக்கொள்வோம். வீட்டுத் தேவைக்கு மட்டும் என்றால் சிறிய குழாயே போதும். தீயணைப்புக்கும் தண்ணீர் வேண்டும் என்பதால் குறைந்தது 150 மில்லிமீட்டர் குழாய் போடுவார்கள். 3 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தக் குழாயின் வயிற்றில் மட்டும் ஏறத்தாழ 53,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். வீட்டுக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர் என்று வைத்தாலும், 20 வீடுகள் இழுப்பது 10,000 லிட்டர்தான். ஆகவே, ஊரின் எல்லையில் குழாய்க்குள் நுழைகிற தண்ணீர் ஐந்து நாள் கழித்துத்தான் குடத்துக்கு வந்து சேரும். அதற்குள் அதில் கலந்திருக்கும் குளோரின் மெல்லக் குறைந்து, கிருமியைத் தடுக்கும் அளவுக்கு மிஞ்சாமலும் போகலாம். அதைச் சமாளிக்க, குழாயின் கடைசி முனையைத் திறந்து, சுத்திகரித்த தண்ணீரை அவ்வப்போது தரையில் விட வேண்டியிருக்கும். மறுமுனையை வேறொரு குழாயோடு இணைத்து வளையமாக்கினால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் வயல்வெளியில் இணைப்பதற்கு இன்னொரு குழாய் எங்கே இருக்கிறது?

சாக்கடையின் கதை இதைவிடக் கடினமானது, ஏனெனில் அதற்கு வாட்டம் வேண்டும். கொத்தனார்கள் சொல்லும் அதே வாட்டம்தான், அதாவது தண்ணீர் தானாக ஓடுவதற்கான சரிவு. 200 மில்லிமீட்டர் குழாயில் கழிவு தேங்காமல் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் ஓட, 250 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவிலாவது இறக்கம் தேவை. 3 கிலோமீட்டருக்கு அது 12 மீட்டர் ஆகிறது. மனைப்பிரிவு மேட்டிலும் ஊர் பள்ளத்திலும் இருந்தால் தரையே அந்த இறக்கத்தைக் கொடுத்துவிடும். அப்படி அமைந்திருந்தால் தயங்காமல் போடலாம். சமதரையாக இருந்தால், ஒரு மீட்டர் ஆழத்தில் தொடங்கும் குழாய் மறுமுனையில் 13 மீட்டர் ஆழத்தில் கிடக்கும். அவ்வளவு ஆழத்துக்கு யாரும் தோண்டுவதில்லை. கழிவுநீர் வந்து சேரக் கீழே ஒரு கிணறு கட்டி, பம்பு வைத்து, அழுத்தக் குழாய் வழியாகத் தள்ளுவார்கள்.

திடக் கழிவு அடைக்காமல் இருக்க, அழுத்தக் குழாய் பொதுவாக 100 மில்லிமீட்டருக்குக் குறையாது. 3 கிலோமீட்டருக்கு அது 23,500 லிட்டர் பிடிக்கும். 300 வீடுகளும் நிரம்பியபின் கழிவுநீர் அதற்குள் நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருக்கும். 20 வீடுகள் மட்டும் உள்ள காலத்தில் இரண்டு நாளுக்கு மேல் கிடக்கும். காற்றில்லாமல் அப்படிக் கிடக்கும் கழிவுநீர் அழுகி, ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகிறது. அழுத்தக் குழாய் வந்து கொட்டும் மேன்ஹோலில் அந்த வாயு வெளியேறி, ஈரமான சுவரில் படிய, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்றுகின்றன. பாதிகூட நிரம்பாத ஒரு குடியிருப்புக்கென்று கட்டிய மேன்ஹோல் ஒன்றை, கட்டி நான்கு ஆண்டுகள் ஆனபோது திறந்து பார்த்தோம். மூடி நகர்ந்ததுமே அழுகிய முட்டை நாற்றம் எங்களைப் பின்வாங்க வைத்தது. நீண்ட கம்பியால் மேல்வளையத்தைத் தொட்டபோது, கான்கிரீட் ஊறிய சுண்ணாம்பு போலப் பொலபொலவென்று உதிர்ந்து, சல்லிக்கற்கள் மட்டும் துருத்திக்கொண்டு நின்றன. அந்த வடிவமைப்பில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். (இந்த வாயு அளவு மீறும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை என்று நம்பி யாரும் உள்ளே இறங்கிவிடக் கூடாது.)

அப்படியானால் செப்டிக் டேங்க்தான் சரி என்று நான் சொல்லவில்லை. டேங்கிலிருந்து வெளியேறும் நீர் உறிஞ்சுகுழி வழியாக மண்ணில் இறங்க வேண்டும் என்பதால், அது மண்ணைப் பொறுத்தது. களிமண்ணில் தண்ணீர் இறங்காமல் மேலே கசியும்; நிலத்தடி நீர் மேலாக இருக்கும் மணற்பாங்கான நிலத்தில் வடிகட்டப்படுவதற்கு முன்பே கிணற்றைப் போய்ச் சேரும். பக்கத்துப் பக்கத்து மனைகளில் ஒருவருடைய உறிஞ்சுகுழியும் அடுத்தவருடைய ஆழ்துளைக் கிணறும் அமையும்போது, கழிவிலிருந்து வரும் நைட்ரேட் என்னும் உப்பு கிணற்று நீரில் ஏறுவதற்கு வாய்ப்பு அதிகம். அது கொதிக்க வைப்பதால் போவதில்லை. 300 வீடுகள் நெருங்கி நிற்கும் இடத்துக்கு, மண் பரிசோதனை பார்க்காமல் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மனைப்பிரிவுக்குள்ளேயே சிறிய சுத்திகரிப்பு நிலையம் அமைப்பது நல்ல வழிதான். ஆனால் அதை நாள்தோறும் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் ஒருவர் நிரந்தரமாக இருக்க வேண்டும்.

எனக்கு அறவே உடன்பாடில்லாத யோசனை ஒன்று உண்டு: "இப்போதைக்குத் தண்ணீரை மட்டும் கொடுப்போம், சாக்கடையைப் பிறகு பார்த்துக்கொள்வோம்" என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் வீட்டில் புழக்கம் கூடும். புழங்கிய தண்ணீர் அத்தனையும் அளவாகக் கட்டிய உறிஞ்சுகுழிக்குத்தான் போயாக வேண்டும்.

வழியில் உள்ள வயல்காரர்களையும் மறந்துவிடக் கூடாது. தன் வரப்பை ஒட்டிக் குழாய் போனால், இணைப்புக் கேட்பதும் நிலத்தை மனையாக்க நினைப்பதும் இயல்பு. அவர்களுக்கும் சேர்த்துப் பெரிய குழாயாகப் போட்டால், மேலே சொன்ன தேக்கம் இன்னும் மோசமாகும். வழியில் இணைப்பு உண்டா இல்லையா என்பதைக் குழாய் போடுவதற்கு முன்பே எழுத்தில் முடிவு செய்துவிட வேண்டும். அதேபோல், குழாயை மனைப்பிரிவுக்காரர் தன் செலவில் போட்டு ஒப்படைத்துவிடுவார் என்பதால் செலவு முடிந்தது என்று எண்ணிவிட முடியாது; குழாய் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நிற்கலாம், பம்புகளைப் பதினைந்து, இருபது ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும், அப்போது அவர் அங்கே இருக்க மாட்டார்.

நீட்டிப்பது என்றே முடிவானால், வீடுகள் கட்டம் கட்டமாக ஊர்ப்பக்கத்திலிருந்து எழும்ப வேண்டும் என்று நிபந்தனை போடச் சொல்லுங்கள். கழிவுநீர் கொட்டும் மேன்ஹோலின் உட்புறத்துக்கு அமிலம் தாங்கும் பூச்சையும் கேளுங்கள். அதற்கு முன்பாக இரண்டு எண்களை வாங்கி வையுங்கள்: கடல்மட்டத்திலிருந்து அளந்தால், ஊரின் கடைசி மேன்ஹோலில் குழாயின் அடிமட்டம் எவ்வளவு உயரம், மனைப்பிரிவிலேயே தாழ்ந்த மனையின் தரைமட்டம் எவ்வளவு. இரண்டாவது எண் முதலாவதைவிட 13 மீட்டராவது கூடுதலாக இருந்தால், இடையில் பள்ளம் குறுக்கிடாதவரை, பம்பைப் பற்றிய பேச்சே தேவைப்படாது.